ஊசி போட்ட தம்பிக்கு ஹெபடைடிஸ் சி: வீட்டில் என்ன செய்வது, எங்கே போவது?

கேள்வி: எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். தம்பிக்கு 24 வயது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று அன்ஃபிட் ஆக்கிவிட்டார்கள். அழுத்திக் கேட்டதில், வலி மாத்திரையைக் கரைத்து நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஊசி போட்டதாகச் சொல்கிறான். ஆளுக்கொரு புது சிரிஞ்சுதான் வைத்திருந்தார்களாம், அப்புறம் எப்படி வந்தது என்று கேட்கிறான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா அவன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். முதலில் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்போம், பழக்கத்தை விட்ட பிறகு ஈரலுக்கு மருந்து பார்க்கலாம் என்கிறார் அப்பா. இது எய்ட்ஸா? போலீஸ் பிரச்சினை வருமா? எங்கே போவது?

பதில்: தட்டையும் டம்ளரையும் முதலில் திரும்பச் சேர்த்து வையுங்கள். மற்றதை அதற்கப்புறம் பேசலாம்.

ஹெபடைடிஸ் சி ரத்தத்தில் இருந்துகொண்டு ஈரலைக் கெடுக்கிற வைரஸ். ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போனால்தான் ஒட்டும். ஒரே கப்பில் கட்டன் குடித்தாலும், ஒரே பாத்திரத்தில் மரச்சீனியும் மீனும் எடுத்துத் தின்றாலும், பிள்ளைகளைத் தூக்கி முத்தம் கொடுத்தாலும், கக்கூஸைப் பொதுவாகப் புழங்கினாலும் ஒட்டாது. இருமல், வியர்வை, கொசுக்கடி எதனாலும் பரவாது. தனியாக வைக்க வேண்டியவை ரத்தம் படக்கூடிய சில பொருட்கள்தான்: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. அவனுக்குக் காயம் பட்டால் பிளாஸ்திரி போட்டு மூடட்டும். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போதும். அம்மாவிடம் இதைச் சத்தமாக, அவன் காதில் விழும்படிச் சொல்லுங்கள். தட்டை ஒதுக்கி வைத்த வீட்டில் இருக்கிற பையன் அடுத்த காய்ச்சலையும் அடுத்த கட்டியையும் வெளியே சொல்ல மாட்டான். நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையத்தில், ஆலோசகராக இருந்த காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வியாதியை விட அதை மறைத்த காலம்தான் ஆளைச் சாய்த்தது.

இது எய்ட்ஸ் இல்லை. எச்ஐவி வேறு வைரஸ், ஹெபடைடிஸ் சி வேறு வைரஸ். ஆனால் இரண்டும் ஊசி வழியாக வரக்கூடியவை. அதனால் எச்ஐவி பரிசோதனையையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் தம்பி பொய் சொல்லியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஆளுக்கொரு சிரிஞ்சு இருந்திருக்கலாம். மாத்திரையை எதில் நுணுக்கினார்கள், எந்தத் தண்ணீரில் கரைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மூடி, ஒரே பாட்டில் தண்ணீர், வடிகட்ட ஒரே துண்டுப் பஞ்சு. ஒருவன் போட்டுவிட்டு அதே சிரிஞ்சை இன்னொரு தடவை அந்த மூடிக்குள் விட்டு இழுத்திருப்பான். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் அந்தத் தண்ணீரில் கலந்தால் போதும். இந்த வைரஸ் உடலுக்கு வெளியேயும் பல நாள் தாங்கும். சில வகை சிரிஞ்சுகளுக்குள் தங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை அது உயிரோடு இருந்ததை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கை கட்டுகிற ரப்பர் பட்டை, ரத்தத்தைத் துடைக்கிற துணி, ஊசி குத்திய இடத்தை அழுத்துகிற விரல் என்று வழிகள் நிறைய. "ஊசியைப் பகிராதே" என்று எல்லோரும் சொல்கிறோம், பையன்களும் அதை நம்பி ஊசியை மட்டும் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். மூடியையும் பஞ்சையும் தண்ணீரையும் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இனி அப்பா சொன்ன விஷயம். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அதற்காகத்தான். பழக்கத்தை விட்ட பிறகுதான் மருந்து என்று காத்திருக்க வேண்டாம். ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஹெபடைடிஸ் சி சிகிச்சை கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. போதையை விட ஒரு வருடம் ஆகலாம், நடுவில் இரண்டு தடவை விழலாம். அதுவரை வைரஸ் ஈரலில் வேலை செய்துகொண்டே இருக்கும், மற்றவர்களுக்கும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

சிகிச்சை என்றதும் பயப்பட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டு, காய்ச்சலும் சோர்வுமாகக் கிடந்து, அப்படியும் பாதிப் பேருக்குக் கேட்காமல் போன காலம் இருந்தது. இப்போது சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் என்ற மாத்திரைகள். தினம் ஒரு வேளை, 12 வாரம். ஈரல் சுருங்கத் தொடங்கியவர்களுக்கு மருந்துச் சேர்க்கையும் காலமும் மாறும். 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது. கட்டுப்பாட்டில் வைப்பதைச் சொல்லவில்லை, வைரஸே உடம்பை விட்டுப் போய்விடுவதைச் சொல்கிறேன். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காட்டி, ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்கு வந்திருக்கிறோம் என்று கேளுங்கள்.

மெடிக்கலில் "இருக்கிறது" என்று வந்தது பெரும்பாலும் ஆன்டிபாடி பரிசோதனை. வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்து போனதற்கான அடையாளம் அது. தொற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடும், ஆன்டிபாடி மட்டும் நின்றுவிடும். அதனால் அடுத்து எடுக்க வேண்டியது ஆர்என்ஏ பரிசோதனை. அதில் வைரஸ் இருந்தால்தான் மருந்து. மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அது பார்க்காமல் விட்டால், சி வைரஸ் ஒழியும்போது அடங்கிக் கிடந்த பி கிளம்பிவிடும் ஆபத்து உண்டு. மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மறுபடியும் ஆர்என்ஏ எடுத்து, வைரஸ் இல்லை என்று வந்தால்தான் குணம் என்று எழுதுவார்கள். அந்தக் கடைசிப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரில் ஈரல் என்றதும் கீழாநெல்லி, பச்சிலை வைத்தியர் என்று போவது வழக்கம். நான் அந்த வைத்தியத்தை இழிவாகப் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் மஞ்சள்காமாலையைக் காட்டாது. 20 வருடம் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருந்து, திடீரென்று வயிற்றில் நீர் கோத்தோ ரத்த வாந்தி எடுத்தோ வெளியே தெரியும். கண் வெளுப்பாக இருக்கிறது, பச்சிலை கேட்டுவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற 12 வார மருந்து வீணாகிவிடும். இன்னொன்று, குடிப் பழக்கமும் இருந்தால் அதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். வைரஸும் சாராயமும் சேர்ந்தால் ஈரல் கெடுவது பல மடங்கு வேகமாக நடக்கும்.

எச்ஐவி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் இருக்கிற நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். இலவசம், பேசுகிறது ரகசியமாக இருக்கும். கடைசியாக ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் எடுத்து இல்லை என்று வந்தால், மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள். இருக்கிறது என்று வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. தினம் ஒரு மாத்திரையாகக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவில் துணைக்குப் பரவாது. கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெற்று வாழ்கிறவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பி மூன்றிலும் எளிதாகத் தொற்றுவது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திய மருத்துவ ஊழியர்களின் கணக்கைப் பார்த்தால், எச்ஐவி 1000 பேரில் 3 பேருக்குத் தொற்றும், தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி 100க்கு 30 பேர் வரை தொற்றும். ஆனால் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அரசு இதைப் போடத் தொடங்கியது 2011இல். உங்கள் தம்பி வயதுக்காரர்கள் பலர் சின்ன வயதில் போட்டிருக்க மாட்டார்கள். பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அன்றைக்கே முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. வீட்டில் மற்றவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இன்னும் உலகத்தில் எங்கேயும் இல்லை. குணமானவனுக்குத் திரும்பத் தொற்றவும் செய்யும்.

இந்த வைரஸ்கள் மெதுவாகத்தான் ஆளைக் கெடுக்கும். நாலைந்து நாளில் ஆளைக் கொண்டுபோகக்கூடியது வேறு. அதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. மாத்திரை என்பது வயிற்றுக்குப் போவதற்காகச் செய்தது. அதில் மருந்தோடு டால்க், மாவு, ஒட்டுப்பொருள் எல்லாம் இருக்கும். நுணுக்கித் தண்ணீரில் கரைத்தாலும் அந்தத் துகள்கள் கரையாது. நரம்பை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். நரம்பு தவறித் தமனிக்குள் போனால் விரல்கள் நீலம் பாரித்துக் கருத்து, வெட்டி எடுக்கும் நிலை வரும். தோலில் இருக்கிற ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி ஊசி முனையோடு உள்ளே போனால் சீழ்க்கட்டி வரும். ஊசி முனையை நாக்கில் நனைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அப்போது வாயில் இருக்கிற கிருமியும் சேர்ந்து போகும்.

கட்டியை வீட்டில் கீறக் கூடாது, அமுக்கிப் பிதுக்கவும் கூடாது. அதை விட முக்கியம் காய்ச்சல். ஊசி போடுகிற ஒருவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து இரண்டு நாளில் விடவில்லை என்றால், அது இதய வால்வில் கிருமி பிடித்ததாக இருக்கலாம். மூச்சிரைப்பு, நெஞ்சு குத்தல், சளியில் ரத்தம் என்று அது நுரையீரல் நோய் மாதிரிக் காட்டும். மழைக்காலத்தில் டெங்கு என்றும் எலிக்காய்ச்சல் என்றும் நினைத்துவிடுவார்கள். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு நாள் போட்டால் காய்ச்சல் கொஞ்சம் அடங்கும், கிருமி அடங்காது. அப்புறம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் கிருமி எதுவென்று பிடிபடாது. முதலில் ரத்த மாதிரி எடுத்து, பிறகு மருந்து தொடங்க வேண்டும். பல நேரங்களில் நாலு முதல் ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். டாக்டர் இதைச் சந்தேகப்பட வேண்டும் என்றால், ஊசி போட்டதை அவரிடம் சொல்லியாக வேண்டும். "டாக்டர், இவன் போதை ஊசி போட்டிருக்கிறான்" என்ற ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும். அவன் சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

ஊசி வழியாக வைரஸ் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று ஊரில் பெரியவர்களுக்குப் புரிவதில்லை. மணிப்பூரில் 1989 செப்டம்பர் வரை ஊசி போடுகிறவர்களிடம் எச்ஐவி பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆறே மாதத்தில் பரிசோதித்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. அது ரொம்பத் தூரம், பழைய காலம் என்பவர்களுக்குப் பக்கத்து உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில் கேரளாவில் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் சேர்ந்து ஊசி போட்ட கூட்டத்தில் பத்துப் பேருக்கு எச்ஐவி என்று தெரிந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா. வேலைக்கும் படிப்புக்கும் தினமும் போய் வருகிற எல்லை நம்முடையது, வைரஸ் செக்போஸ்டில் நிற்காது.

இங்கே எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. சீட்டு இல்லாமல் வலி மாத்திரை விற்கிற கடைகளைப் பிடிப்பது சரி, இன்னும் கடுமையாகப் பிடிக்கட்டும். ஆனால் அதோடு சேர்த்து இளைஞர்களுக்குப் புது சிரிஞ்சு கொடுக்காதே என்று மருந்துக்கடைகளை மிரட்டுவது தப்பு. 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இதைத்தான் செய்தார்கள். போதை நிற்கவில்லை, இருக்கிற ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள். அந்த ஊரில் ஒரு மருத்துவரிடம் வந்த ஊசிப் பழக்கக்காரர்களைப் பரிசோதித்தால் பாதிப் பேருக்கு எச்ஐவி. இந்திய அரசே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் புது ஊசி கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்குகிறது. 2017ஆம் வருட எச்ஐவி, எய்ட்ஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு அப்படிக் கொடுப்பது குற்றம் ஆகாது என்று தெளிவாகவே சொல்கிறது.

பயன்படுத்திய ஊசியை ரப்பர் தோட்டத்திலோ கடலோரப் பாறை இடுக்கிலோ எறியக் கூடாது. விடியும் முன் வெறுங்காலோடு பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி ஆஸ்பத்திரியில் கொடுக்கலாம். யாருக்காவது அப்படிப்பட்ட ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

போதையை விடும் விஷயம். மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதென்றால் உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அடித்துத் திருத்துகிறோம், பூட்டி வைக்கிறோம் என்கிற இடம் வேண்டவே வேண்டாம். இந்த வலி மாத்திரை ஓபியாய்டு வகையை, அதாவது அபின் மாதிரி வேலை செய்கிற வகையைச் சேர்ந்தது என்றால், நாக்குக்கு அடியில் வைக்கிற பூப்ரினார்ஃபின் மாத்திரையை மருத்துவர் தரலாம். உடல் வலி, தூக்கமின்மை, ஏக்கம் எல்லாம் அடங்கும், ஊசி தேவைப்படாது. இந்த மாதிரி மாற்று மருந்து எடுப்பவர்களுக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகப் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று அப்பா கேட்பார். சர்க்கரைக்காரர் தினமும் மாத்திரை போடுவதை நாம் அப்படிக் கேட்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மையத்தில் சில வாரம் இருந்து வந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் வாரங்களில் அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். உதடு நீலமாகி, கூப்பிட்டால் எழாமல், குறட்டை மாதிரி மூச்சு விட்டால் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள், என்ன போட்டான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற முறிவு மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு.

போலீஸ் பயம் இயல்புதான். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கோ ஈரல் மருந்துக்கோ போவதால் வழக்கு வராது. சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யவும், முடிவை வெளியே சொல்லவும் நான் மேலே சொன்ன 2017 சட்டம் தடை போடுகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். விற்றவர்களுக்கு இது பொருந்தாது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தால் முதலில் 1097க்குப் போன் பண்ணிப் பேசுங்கள், அது எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண். மாற்று மருந்து பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்றும் அங்கே கேட்கலாம். போதை மீட்புக்கு 14446.

வளைகுடா வேலை பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் அதுதான் பெரிய துக்கம் என்று தெரிகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் குணமான பிறகும் ஆன்டிபாடி பரிசோதனையில் இருக்கிறது என்றே வரும், பல வருடத்துக்கு வரும். அதை மட்டும் பார்க்கிற மெடிக்கலில் மறுபடியும் அன்ஃபிட் ஆகலாம். வைரஸ் இல்லை என்று காட்டும் ஆர்என்ஏ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டும் முன் அந்த நாடு அதை ஏற்குமா என்று கேளுங்கள். வேறு ரத்தத்தைக் கொடுத்து பாஸ் பண்ணித் தருகிறேன் என்று வருகிற ஏஜெண்டை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மெடிக்கல் மையம் உங்கள் தம்பிக்கு ஒருவகையில் நல்லதுதான் செய்திருக்கிறது. 44 வயதில் தெரிய வேண்டியது 24 வயதில் தெரிந்திருக்கிறது.

தம்பியோடு சேர்ந்து ஊசி போட்ட அந்த நாலைந்து பேருக்கு இன்னும் தெரியாது. மெடிக்கல் எடுக்காததால் நன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அதில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியும் இருக்கலாம். யார் யாருக்குக் கொடுத்தது என்ற பேச்சை எடுக்காமல், "எனக்கு வந்திருக்கிறது, மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நீயும் பார்த்துவிடு" என்று அவர்களிடம் போய்ச் சொல்லத் தம்பியிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஆசாரிப்பள்ளத்துக்குப் போகிற அன்றைக்கே அவர்களையும் கூட்டிக்கொண்டு போகட்டும். ஒருவன் மட்டும் குணமாகி மற்றவர்கள் அப்படியே இருந்தால், அடுத்த முறை ஒன்றாக உட்காரும்போது அவனுக்குத் திரும்ப வந்துவிடும்.